தக்கைக்குக் கட்டிய கம்பி

கதவில் குத்தி நின்ற கண்ணாடித் துண்டின் உயரத்தைப் பார்த்ததும் அவள் கை தானாகக் கண்ணுக்குப் போயிற்று. அளவுகோல் தேவைப்படவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அவள் செய்கிற வேலையே அதுதான். வருகிறவர்களை நேராக உட்காரவைத்து, கருவிழி எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து, பேனாவால் புள்ளி வைப்பாள். சாமான் அறைக் கதவின் உட்பக்கத்தில் அந்தத் துண்டு அவளுடைய கருவிழி உயரத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி நின்றது. வெறும் ஒட்டுப்பலகைக் கதவுதான் என்றாலும் நக நீளத்துக்கு உள்ளே இறங்கியிருந்தது. விரலால் அசைத்துப் பார்த்தாள், வரவில்லை. சற்று முன்னால்தான் துடைப்பம் எடுக்க அந்த அறைக்குள் போய் அலமாரிக்கு நேரே முகத்தை நீட்டிவிட்டு வந்திருந்தாள். அப்போது வெடித்திருந்தால் என்று முழுதாக நினைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சத்தம் கேட்டபோது அவள் வேலைக்குக் கிளம்பத் தயாராகி, கடைசி வாய் காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில்தான் குக்கர் வெடித்துவிட்டது என்று நினைத்தாள். கெட்டது எதுவும் பக்கத்து வீட்டில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள்வதில் மனிதருக்கு ஒரு சுகம். அப்புறம்தான் பிளம் பழ வாசனை வந்தது. கதவைத் திறந்தால் கூரையிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சுவர், அரிசி டப்பா, குடை, கணவனுடைய பழைய ஷூ எல்லாவற்றிலும் அவள் வீட்டில் போட்டுவைத்த ஒயின். தரையின் மூலையில் பாட்டிலின் கழுத்து மட்டும் தனியாகக் கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் பிடித்தது. தக்கை இம்மியும் நகரவில்லை. அதன்மேல் சுற்றிய கம்பியும் நகரவில்லை, கம்பிமேல் ஊற்றிய மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. வேலை அவ்வளவு சுத்தம். பாட்டில்தான் இல்லை.

மிச்சப் பாட்டில்கள் அலமாரியில் சாதுவாக நின்றன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையையும் இழுத்துப் போட்டாள். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே இருக்கிறவை வெடித்தால் சுவரோடு போகும். வீட்டில் வேறு ஆள் இல்லை. அதுவரை நினைத்தவளுக்கு, வெளியே போன பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. கடை முதலாளிக்கு ஒன்று கொடுத்திருந்தாள், அவர் அன்றைக்கே திறந்து குடித்து, புளிப்பு என்று முகத்தைச் சுளித்தும் ஆயிற்று. இன்னொன்று அண்ணி வீட்டில் இருந்தது. அதை நினைத்தவுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். வெங்காயம் நறுக்குவதற்குக்கூடக் கடைப் பட்டறையிலிருந்து ஒரு பழைய பாதுகாப்புக் கண்ணாடியை, லென்ஸ் தீட்டும்போது போடுவார்களே, கன்னம் வரை மூடுகிற மாதிரி, அதைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். பஸ் ஓட்டுகிற கணவன் அதைப் பார்க்கும்போதெல்லாம், “என்னம்மா, விமானம் எப்பக் கிளம்புது?” என்று கேட்பான். ஆனால் ஒயின் போடுவதற்குப் பயந்த சுபாவத்தைப் போல உதவுவது வேறில்லை என்பது அவளுடைய கட்சி. கடைக்குப் பின்னால் ஒரு பிளம் மரம் இருந்தது. காய்க்கிற காலத்தில் முதலாளி பொறுக்கிக்கொள்ளச் சொல்வார். ஒரு பழத்தில் சின்ன அழுகல் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவாள். ஜாடி, குழாய், கரண்டி, வடிதுணி எல்லாம் கொதிநீரில் முங்கி எழ வேண்டும். ஒரு பழ ஈ உள்ளே விழுந்தால் மொத்தமும் காடியாகிவிடும் என்று ஜாடியின் வாயை மூடி, மூடியில் வளைந்த குழாயைச் செருகி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பாள். உள்ளே இருக்கிற வாயு அதன் வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. பூஞ்சை வராமல், புளித்துப் போகாமல், நாற்றம் பிடிக்காமல் இருக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தாள். எல்லா ஓட்டையையும் அடைத்தவள் வாசல் கதவைத் திறந்து போட்ட கதை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற மிதவைக் குழல் ஒன்று வைத்திருந்தாள். ஒயினுக்குள் விட்டால் மிதக்கும், எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. கழுவும்போது அது தொட்டியில் தட்டி உடைந்துபோனது. வேறு வாங்கவேண்டும் என்று நினைத்து, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, குளிர்காலம் வந்துவிட்டது. ஒரு நாள் பார்த்தால் குமிழ் நின்றிருந்தது. ஜாடி தெளிந்து, பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. நுரைத்து முடிந்துவிட்டது என்று கண்ணாலேயே முடிவு செய்தாள். கடையில் ஒரு லென்ஸைக்கூடக் கண்மதிப்பில் வெட்டாதவள், வருகிறவர்களிடம் “குத்துமதிப்பா சொல்லாதீங்க” என்று கண்டிக்கிறவள், தன் ஜாடியை மட்டும் கண்ணால் அளந்தாள். யானைக்கும் அடி சறுக்கும். நுரை முடியவில்லை. சர்க்கரையைத் தின்று வாயு விடுகிற ஈஸ்ட் குளிரில் சுருண்டு படுத்துத் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதை அப்படியே பாட்டிலில் அடைத்தாள். இப்போது வெயில் ஆரம்பித்துவிட்டது. தூங்கினது விழித்துக்கொண்டது.

அது மட்டும் என்றாலும் பெரிய ஆபத்து இல்லை. வெறும் தக்கையாக இருந்திருந்தால் வாயு சேரச் சேரத் தக்கை மேலே ஏறி, ஒரு நாள் டப்பென்று கழன்று, கொஞ்சம் சிந்திப் போயிருக்கும். போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் அது ஆன இடம் அண்ணியின் வீடு.

அண்ணி என்றால் கணவனுக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாமல், அடுத்தவர் கல்யாணத்துக்கெல்லாம் உடை தைத்தே காலத்தை ஓட்டியவள். வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பல வருஷத்துக்கு முன்னால் தையல் மெஷினின் ஊசி ஓட்டத்தில் முறிந்து இடது கண்ணில் பாய்ந்தது. அதிலிருந்து வலது கண் ஒன்றுதான். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஊரில் யாரும் தைக்காத மாதிரி வெள்ளை கவுன்கள் தைத்தாள். போன வருஷம் நாலு உறவுக்காரர் கூடியிருந்த மதியம், மேஜையில் நின்ற பாட்டிலின் தக்கை தானாகக் கழன்று, அன்று மாலை கொடுக்கவேண்டிய கவுனின்மேல் பிளம் சிவப்பு பீய்ச்சி அடித்தது. அண்ணி எழுந்து நின்று கவுனைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

“ஊர்க்கண்ணெல்லாம் சரி பண்றா. ஒரு பாட்டில மூடத் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அண்ணி வீட்டுப் பக்கம் போகவில்லை. கணவன்தான் நடுவில் இடி வாங்குகிற மத்தளமாக இரண்டு பக்கமும் போய் வந்தான். இந்த வருஷம் தக்கையை அடித்து இறக்கியதும் இரும்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, இடுக்கியால் முறுக்கி, மேலே மெழுகு ஊற்றினாள். அண்ணிக்கு என்று எடுத்துவைத்த பாட்டிலில் கம்பி இன்னொரு சுற்று கூட. இனிப்பு பிடிக்குமே என்று அதில் மட்டும் அடைக்கும்போதே கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டிருந்தாள். குளிர் முடிகிற சமயத்தில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போய்க் கையில் கொடுத்து, பூகம்பம் வந்தாலும் இந்தத் தக்கை கழலாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். அண்ணி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிறம் நல்லா வந்திருக்கு என்றாள். அண்ணி வாயிலிருந்து நல்லா என்கிற வார்த்தை! பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குச் சீட்டில் இருப்பே கொள்ளவில்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால், அண்ணிக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஒவ்வொன்றும் அந்தப் பாட்டிலை மற்றதைவிடக் கொடியதாக ஆக்கியிருந்தது. சர்க்கரை கூட, கம்பி கூட. தன் கையாலேயே செய்து, துணியில் சுற்றி, மடியில் வைத்து எடுத்துப் போய்க் கொடுத்திருந்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். டிப்போவில் இருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

“அக்காகிட்ட போன்ல சொல்லிடாத.”

“ஏங்க?”

“தொடாதன்னு சொன்னா மொதல்ல அதத்தான் தொடுவா. தூக்கி, வெளிச்சத்துல பிடிச்சு, கண்ணுகிட்ட வச்சுப் பாப்பா.”

அதில் மிகையே இல்லை. பெயிண்ட் ஈரம் என்று எழுதிவைத்த பெஞ்சு எங்கே இருந்தாலும் அதில் அண்ணியின் விரல் பதிந்திருக்கும். வண்டி எடுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று அவன் வைத்துவிட்டான். அவள் முதலாளிக்கு வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, ஒரு கனத்த துண்டையும் வெங்காயக் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டாள். பட்டறையில் நல்லதாக இன்னும் சில உண்டு, ஆனால் கடை எதிர்த்திசையில் இருந்தது. கிளம்புவதற்குமுன் அண்ணி எங்கே இருக்கிறாள் என்று மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்போலத் தோன்றியது. கூப்பிட்டாள்.

மெஷினில்தான் இருக்கிறேன், வேறு எங்கே இருப்பேன் என்றாள் அண்ணி. இன்றைக்குள் முடிக்கவேண்டிய கவுன் ஒன்று இருக்கிறதாம். இஸ்திரிப் பெட்டியின் வெக்கை அறையெல்லாம் அடிக்கிறதாம். இப்படிப் பேசிக்கொண்டே வந்தவள், திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உன் பாட்டில் உசுரோட இருக்கு, தெரியுமா?”

“என்ன அண்ணி?”

“ஜன்னல்ல வெயில் படற மாதிரி வச்சிருக்கேன். உள்ள முத்து முத்தா ஏறிக்கிட்டே இருக்கு. கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கிட்டப் போகாதீங்க என்று கத்த வந்ததை விழுங்கினாள். ஜன்னல், வெயில், இஸ்திரி வெக்கை, அதற்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்க்கிற ஒற்றைக் கண். பயத்தில் புத்தி கெட்டுப்போகும் என்பார்கள். அவளுக்கு என்னவோ அந்த நேரத்தில்தான் வேலை செய்தது. கண்ணைச் சோதித்து ரொம்ப நாளாயிற்று, இப்போதே வருகிறேன், ஆனால் சோதிப்பதற்கு முன்னால் கண்ணில் வெளிச்சமே படக்கூடாது, உடனே எழுந்து சமையலறைக்குப் போய், ஜன்னலைச் சாத்தி, நான் வந்து கதவைத் தட்டுகிறவரை கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். வாய்க்கு வந்த பொய். அண்ணி நாலு கேள்வி கேட்பாள், ரெண்டு குத்தல் சொல்வாள் என்று காத்திருந்தாள்.

“சரி, வா,” என்றாள் அண்ணி.

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். இவ்வளவு சுலபமாகக் கேட்டுக்கொண்டது அவளுக்குப் புதுப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுடைய கனம் அவள் மடியில் இல்லை, இன்னொருத்தி ஜன்னலில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது. ஒரு கிழவர் சில்லறையைத் தேடித் தேடி எடுத்தார். வெளியே, குளிர்காலம் முழுக்கக் காணாத வெயில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக நடந்தார்கள். அவளுக்கு அந்த வெயிலைக் கையால் மறைக்கவேண்டும்போல இருந்தது. பாதி வழியில் இன்னொன்று தோன்றியது. அண்ணியின் போன் எப்போதும் மெஷின் மேஜையில்தான் கிடக்கும், ஜன்னலை ஒட்டி. கூப்பிட்டால் அதை எடுக்க அண்ணி சமையலறையை விட்டு ஜன்னலுக்கு வருவாள். தான் கூப்பிடக்கூடாது. சரி. ஆனால் அவன்? அக்காவுக்கு என்னாயிற்றோ என்று பதறிப் போய் அடுத்த நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது அவன் கூப்பிட்டால்? கூப்பிடாதீங்க என்று அவசர அவசரமாகச் செய்தி அனுப்பினாள். அவன் பார்த்ததாகத் தெரியவில்லை. பஸ் ஓட்டுகிறவன் எப்படிப் பார்ப்பான்.

அண்ணியின் வீடு மாடியில். தெருவைப் பார்த்த அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் பஸ் நிறுத்தம். இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் பாட்டில் நின்றது. வெயில் ஊடுருவி, உள்ளே விளக்கு வைத்தது போலச் சிவந்திருந்தது. அவள் இதுவரை போட்டதிலேயே அழகான நிறம். அதற்குக் கீழே, நிழலுக்காக ஒதுங்கி, ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கல்லைத் தட்டி விளையாடினார்கள். அதுவரை அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. அண்ணியை வெளியே கூட்டிவந்து, அறையைச் சாத்திவிட்டு, வெடிக்கிறபோது வெடிக்கட்டும் என்று விட்டுவிடலாம் என்று. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அந்த யோசனை அங்கேயே போயிற்று.

“இங்க நிக்காதீங்க, அந்தப் பக்கம் போங்க,” என்றாள் அந்தப் பெண்ணிடம்.

“ஏன், என்ன?”

“மேல கண்ணாடி வேலை நடக்குது.”

அந்தப் பெண் நகர்ந்தாள். பிள்ளைகள் நகர்ந்துவிட்டு, இவள் படியேறியதும் திரும்ப வந்தார்கள்.

படியில் பாதி ஏறும்போது போன் அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணி வீட்டிலிருந்துதான். அவனேதான். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு போன் நின்றது. எடுத்துவிட்டாளா, நின்றுவிட்டதா? கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளங்கையால் அடித்தாள். உள்ளே சுவரைத் தடவுகிற மாதிரி ஏதோ உராய்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

அண்ணி கவுனுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற கறுப்புத் துணியைக் கிழித்துக் கண்ணை இறுகக் கட்டியிருந்தாள். ஒரு கை இன்னும் சுவரில் இருந்தது.

“தம்பிதான் போல, விடாம அடிக்கிறான். கண்ணக் கட்டிக்கிட்டு எங்க போய் எடுக்கிறது,” என்றாள்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தான் சொன்ன ஒரு பொய்யை இவ்வளவு பயபக்தியோடு யாரும் கேட்டதில்லை. அண்ணி துணியை அவிழ்க்காமலே பேசினாள். இவள் முகம் தெரியாததால்தான் பேசினாளோ என்னவோ.

“நீயா கூப்பிட்டது நல்லதாப் போச்சு. எப்படிக் கேக்கிறதுன்னு இருந்தேன். கொஞ்ச நாளா நேர்க்கோடு எல்லாம் வளையுது. தையல் நேராப் போகுதான்னு விரலால தடவித்தான் பாக்கறேன்.”

“எந்தக் கண்ணுல?” என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வியின் மடத்தனத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இருக்கிற கண்ணுலதான். உன் பாட்டில் சிவப்புதான் பளிச்சுன்னு தெரியுது. அதான் ஜன்னல்ல வச்சேன்.”

நேர்க்கோடு வளைகிறது என்றால் விழித்திரையில் கோளாறு என்று அவளுக்குத் தெரியும். கடையில் அப்படி யாராவது சொன்னால் மறு பேச்சில்லாமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புவார்கள். நாள் தள்ளத் தள்ளப் போன பார்வை போனதுதான். போன வருஷமே சோதித்திருக்கவேண்டிய கண். ஒரு வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் வராமல் இருந்தவள் தான்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு இப்போது நேரம் இல்லை. அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு வெங்காயக் கண்ணாடியை எடுத்தாள். கறுப்புத் துணியை அவிழ்த்து, அண்ணியின் முகத்தில் அதை மாட்டி, பின்பட்டையை இழுத்து இறுக்கினாள்.

“இது என்ன கண்றாவி?”

“கழட்டாதீங்க. கண்ணுச் சோதனை பொய் அண்ணி. அந்தப் பாட்டில் வெடிக்கப்போகுது. வீட்டுல ஒண்ணு வெடிச்சிடுச்சு.”

அண்ணி வழக்கம்போல உடனே ஜன்னல் பக்கம் திரும்பினாள். இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்தில் இருவரும் தொட்டுக்கொண்டது அப்போதுதான். அண்ணியின் கை ஊசி குத்திக் குத்திக் காய்ப்புக் காய்த்து, உலர்ந்து இருந்தது. குளிரவைத்தால் அடங்கும், பனிக்கட்டி இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாள் இவள். மேலும் கேள்வி கேட்காமல் அண்ணி சமையலறைக்குப் போய், இருந்த பனிக்கட்டியையெல்லாம் ஒரு துணிப்பையில் கொட்டிக் கொண்டுவந்தாள்.

இவள் அதை வாங்கிக்கொண்டு சுவரை ஒட்டியே நகர்ந்து போனாள். முதலில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். தைக்கிற பொம்மையின்மேல் வெள்ளை கவுன் நின்றது, ஓரத்தில் தையல் லேசாக அலைந்திருந்தது. பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டி, நனைத்த துண்டைப் பாட்டில்மேல் போட்டாள், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. அதன்மேல் பனிக்கட்டிப் பையைச் சாய்த்தாள். திரையை இழுத்து வெயிலை மறைத்தாள். குளிர்ந்தால் அது திரும்பத் தூங்கும். தூங்கவேண்டும். பிறகு சுவருக்குப் பின்னால், சமையலறை வாசலில், இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கீழே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

“கம்பி எதுக்கு அவ்வளவு கட்டினே? கழண்டு ஊத்தியிருந்தா ஊத்திட்டுப் போகுது.”

“உங்க வாய்க்குப் பயந்துதான் கட்டினேன்.”

அண்ணி மடியில் ஒட்டியிருந்த நூலைப் பொறுக்கினாள். கன்னம் வரை மூடிய அந்தக் கண்ணாடிக்குள் அவள் முகம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடி, மெஷின் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது.

“அன்னைக்கு நீயும்தான சிரிச்சே,” என்றாள் அண்ணி.

“ஆமா. சிரிச்சேன்.”

பனிக்கட்டி கரைந்து பை தளர்ந்ததும் அவள் எழுந்தாள். துண்டின்மேல் கை வைத்துப் பார்த்தாள், உள்ளே பாட்டில் ஜில்லென்று இருந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது. இப்படியே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, திரும்பச் சூடேறினால் அதே கதைதான். குளிர்ச்சியாக இருக்கும்போதே கம்பியை அவிழ்த்து, தக்கை மெல்ல மூச்சு விடும்படி விடவேண்டும். துண்டுக்கு அடியில் கையை விட்டு, கழுத்தைத் தேடினாள். மெழுகு குளிரில் மொறுமொறுவென்று உதிர்ந்தது. பின்னால் காலடி கேட்டது.

“உள்ள இருங்க அண்ணி.”

“உனக்கு எங்க கண்ணாடி?”

“ஒண்ணுதான் இருந்துது.”

“கழட்டித் தரேன், நீ போட்டுக்க.”

“வேணாம். எனக்கு ரெண்டு இருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அண்ணி சிரிப்பாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் கண்களைப் பொத்தின. கெட்டியான, உலர்ந்த உள்ளங்கைகள், ஒன்றன்மேல் ஒன்று விரல் கோத்து, நெற்றியிலிருந்து கன்னம் வரை மூடின. அண்ணியின் முகம் இவள் முதுகில் அழுந்தியது. வெங்காயக் கண்ணாடியின் விளிம்பு தோள்பட்டையில் குத்தியது.

“கைய எடுங்க அண்ணி, ஒண்ணும் தெரியல.”

“நான் இப்ப விரலாலதான் தைக்கிறேன். உனக்கு அவிழ்க்க வராதா?”

அவள் துண்டுக்கு அடியில் மறுபடி கையை விட்டாள். விரல் நுனியால் கம்பியின் முறுக்கைத் தேடிப் பிடித்தாள். தன் கை வேலை, எந்தப் பக்கம் முறுக்கினோம் என்று கைக்கு ஞாபகம் இருந்தது. முதல் சுற்று வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது தன்னுடையதா, முதுகில் ஒட்டியிருப்பவளுடையதா என்று தெரியவில்லை. இரண்டாவது சுற்று கொஞ்சம் அடம் பிடித்து வந்தது. கீழே ஒரு பஸ் வந்து நின்று, பிள்ளைகளின் சத்தம் அதற்குள் ஏறியது, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று தெரியவில்லை. மெஷின் மேஜையில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. இருவரும் அசையவில்லை. கடைசிச் சுற்று அவள் விரலுக்குள் தளர்ந்தபோது, தக்கை உள்ளிருந்து மெதுவாக அவள் கட்டைவிரலைத் தள்ளியது. காற்றில் திரை விலகியிருக்கவேண்டும். அண்ணியின் விரல் இடுக்கில் வெயில் பட்டு, மூடிய கண்ணுக்குள் எல்லாம் சிவப்பாக இருந்தது.